காகிதம் போகலாம், நிருபர் போகலாமா?

விடியற்காலை நேரம். திருவனந்தபுரம் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் வந்து நிற்கிறது. இறங்கும் கூட்டத்தில் கொத்தனார் உண்டு, சித்தாள் உண்டு, சாலைக் கடைவீதியில் கணக்கு எழுதும் குமாஸ்தாவும் உண்டு. முன்பெல்லாம் இவர்கள் இறங்கியவுடன் டீக்கடைக்குப் போவார்கள். கடையில் ஒரே ஒரு தமிழ்ப் பேப்பர் கிடக்கும். நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் உரக்கப் படித்துச் சொல்வதும் உண்டு.

இன்று அதே டீக்கடையில் ஆளுக்கு ஒரு செல்போன். பேப்பரை விரித்து வைத்திருக்கும் பெரியவரைப் பார்த்து, "பேப்பர் எதுக்கு அண்ணாச்சி? எல்லாந்தான் இதிலேயே வருதே!" என்கிறான் இளைஞன்.

அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்விதான் அது. ஆஸ்திரியா நாட்டில் 1703ஆம் ஆண்டு தொடங்கிய 'வீனர் சைத்துங்' என்ற நாளிதழ், முந்நூற்று இருபது ஆண்டு ஓடிய பிறகு, 2023ஆம் ஆண்டு ஜூன் 30ந் தேதியுடன் தினசரி அச்சை நிறுத்திவிட்டது. லண்டனின் 'இண்டிபெண்டென்ட்' 2016ஆம் ஆண்டிலேயே அச்சை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. பெரிய மரங்களே சாயும்போது, அயல் மாநிலத்தில் தமிழர்களுக்காக வெளிவரும் ஒரு சிறு பதிப்பின் கதி என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேறு எங்கும் போக வேண்டாம். திருவனந்தபுரத்தின் பழைய கதையிலேயே அது இருக்கிறது.

இந்த ஊரில் பிறந்த பத்திரிகை

இன்று தமிழ்நாடு முழுவதும் விற்பனையாகும் 'தினமலர்' நாளிதழ் சென்னையிலோ மதுரையிலோ பிறக்கவில்லை. 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 6ந் தேதி, இதே திருவனந்தபுரத்தில் டி.வி. ராமசுப்பையர் அதைத் தொடங்கினார். மலையாள நாட்டின் தலைநகரில் தமிழ்ப் பத்திரிகைக்கு அன்று என்ன வேலை இருந்தது?

பெரிய வேலை இருந்தது. திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தின் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் வாழ்ந்த தமிழர்கள், தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்த காலம் அது. மார்ஷல் நேசமணி போன்றோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில், 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தனர். அந்த மக்களின் குறையை அவர்கள் மொழியிலேயே சொல்ல, தலைநகரிலேயே ஒரு பத்திரிகை தேவைப்பட்டது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ந் தேதி அந்த நான்கு தாலுகாக்களும், செங்கோட்டைப் பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு, 1957இல், பத்திரிகையும் திருநெல்வேலிக்குக் குடிபெயர்ந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வேறு யாரும் அச்சிடாத ஒரு செய்தி, ஒரு கூட்டம் மக்களுக்கு உயிரான செய்தியாக இருந்தால், அந்த இடத்தில் பத்திரிகை பிறக்கும். அந்தத் தேவை இருக்கும்வரை அதற்கு வேலையும் இருக்கும். அந்த வேலை காகிதத்தில் நடக்கிறதா, கண்ணாடித் திரையில் நடக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

இயந்திரமா, மனிதனா?

இந்த ஊரின் இன்னொரு கதையும் இதைத்தான் சொல்கிறது. வக்கம் மௌலவி 1905ஆம் ஆண்டு 'சுதேசாபிமானி' என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு கே. ராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். திவானின் ஆட்சியில் நடந்த ஊழல்களை அவர் தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதினார். 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 26ந் தேதி அரசாங்கம் பத்திரிகையைத் தடை செய்தது. அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. ஆசிரியரைச் சமஸ்தானத்தை விட்டே நாடு கடத்தியது. அவரைப் போலீஸ் காவலோடு கொண்டுபோய் விட்ட இடம் திருநெல்வேலிச் சீமை.

அச்சு இயந்திரத்தைப் பூட்டிய பிறகும் அரசாங்கத்துக்கு நிம்மதி வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் ஊரில் இருந்தால் வேறு இயந்திரம் கிடைத்துவிடும் என்று திவானுக்குத் தெரியும். பத்திரிகையின் உயிர் ஈய எழுத்தில் இல்லை. கேள்வி கேட்கும் ஆளிடம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் திவானுக்குத் தெரிந்த இந்த உண்மையைத்தான், இன்று செல்போனைக் கண்டு பயப்படுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள், அதைக் கொண்டாடுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

செல்போன் செய்த நன்மை

செல்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஏழைத் தொழிலாளிக்குச் செய்திருக்கும் நன்மை கொஞ்சமல்ல. கட்டட வேலைக்கு வருகிறவர் இந்த மாதம் கழக்கூட்டத்தில் இருப்பார், அடுத்த மாதம் நெய்யாற்றின்கரையில் இருப்பார். அவர் எந்த விலாசத்துக்குப் பேப்பர் போடச் சொல்வார்? செல்போன் அவரோடு கூடவே போகிறது. படிக்கத் தெரியாதவருக்கு அது செய்தியைக் குரலாகவே சொல்கிறது. ஊரில் மழை பெய்ததா, அணை திறந்ததா, ரயில் தாமதமா என்பதெல்லாம் அந்த நிமிஷமே தெரிகிறது.

2016ஆம் ஆண்டுக்குப் பிறகு இணைய இணைப்பு மலிவானது. 2023ஆம் ஆண்டு ஜூன் 5ந் தேதி கேரள அரசு 'கே-போன்' என்ற கண்ணாடி இழைக் கம்பித் திட்டத்தைத் தொடங்கி, இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவது நோக்கம் என்று அறிவித்தது. 2025 ஆகஸ்டில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. ஆகவே, வேகத்தில் செல்போனோடு பேப்பர் போட்டி போட முடியாது. போட வேண்டியதும் இல்லை.

இரண்டுக்கும் நடுவே

சாலைக் கடைவீதியில் கடை வைத்திருந்துகொண்டே, அந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழ்ச் சிறுகதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். 2015ஆம் ஆண்டு அவருக்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. அந்தத் தெருவில் இன்றும் தமிழ்க் குரல் கேட்கிறது. ஆனால் அந்தத் தெருவில் இன்று என்ன நடந்தது என்று செல்போனில் தமிழில் தேடிப் பார்த்தால் என்ன வரும்? சென்னைச் செய்தி வரும், சினிமாச் செய்தி வரும், அமெரிக்கச் செய்தியும் வரும். சாலைச் செய்தி வருவது அபூர்வம்.

காரணம் எளிது. மலையாளப் பத்திரிகைகளுக்கு இங்குள்ள தமிழர்கள் சிறு தொகை. சென்னையில் இருப்பவர்களுக்கோ அவர்கள் தூரத்து உறவு. இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடக்கும் செய்திகளைப் பொறுக்கி எடுக்க ஓர் ஆள் வேண்டும்.

ரேஷனை எடுத்துக்கொள்ளலாம். 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழகம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டை வைத்திருக்கும் தமிழ்த் தொழிலாளி, கைரேகை வைத்துத் திருவனந்தபுரத்து ரேஷன் கடையிலேயே அரிசி வாங்கலாம். எல்லா அட்டைக்கும் இது பொருந்தாது. தம்முடைய அட்டை எந்த வகை, கைரேகை பதியாவிட்டால் என்ன செய்வது, ஊரில் இருக்கும் மனைவி தம் பங்கை அங்கே வாங்க முடியுமா என்பதையெல்லாம் விசாரித்துத் தமிழில் எழுதுகிறவர் யார்?

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கி 2017ஆம் ஆண்டு சட்டம் வந்தது. காசர்கோட்டில் கன்னடர்கள் உடனே குரல் எழுப்பினார்கள். இந்த மண்ணில் வாழும் பிள்ளை மலையாளம் கற்பதில் குற்றம் இல்லை. அது அவனுக்கு நன்மைதான். ஆனால் தாய்மொழிக்கு என்ன இடம் என்று தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா? மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த அதே 1956ஆம் ஆண்டில், மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்ற 350ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அரசாங்கத்துக்குக் குறை தீர்க்கும் மனுக் கொடுக்கலாம் என்று 350ஆவது பிரிவு சொல்கிறது. இப்படி ஓர் உரிமை இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத உரிமை, இல்லாத உரிமைதான்.

வதந்திக்கு விலாசம் இல்லை

செய்தி இல்லாத இடத்தில் வதந்தி வந்து குடியேறும். அயலூரில் பிழைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரார் தாக்கினார்கள். ஒரு மூதாட்டி உயிரிழந்தார். வாட்ஸ்அப்பில் பரவிய புரளிதான் அதற்குக் காரணம். சொந்த மாநிலத்திலேயே, சொந்த மொழி பேசுகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், மொழி தெரியாத ஊரில் இருப்பவர்களின் நிலை என்ன?

2023ஆம் ஆண்டு மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் செல்போனில் பரவின. எங்கோ நடந்த சண்டைக் காட்சிகளைத் திருப்பூரில் நடந்ததாகக் காட்டினார்கள். பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுடன் ரயில் ஏறினார்கள். பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்துப் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பொய்யைச் சரிபார்க்காமல் வெளியிட்டதாகப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் மீதும் வழக்குப் பதிவானது. ஆகவே அச்சில் வருவதெல்லாம் வேதவாக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பத்திரிகை தவறு செய்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். ஒவ்வொரு பிரதியிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் போட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இந்த நாட்டில் வேரூன்றிய வழக்கம். அந்தச் சிறிய எழுத்து வரியை யாரும் படிப்பதில்லை. ஆனால் பத்திரிகைக்கும் வதந்திக்கும் உள்ள வேற்றுமை அந்த வரிதான். 'யாரோ அனுப்பினார்கள்' என்று வரும் செய்திக்கு விலாசம் கிடையாது.

செலவு யாருடையது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நிருபருக்குச் சம்பளம் வேண்டும். அது எங்கிருந்து வரும்?

பேப்பருக்கு வாசகர் கொடுக்கும் விலை, அதன் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடு கட்டும். மீதியை விளம்பரம் கொடுத்துவந்தது. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று வந்த விளம்பரங்கள்தாம், செக்ரட்டேரியட் வாசலில் காத்து நிற்கும் நிருபருக்குப் பஸ் கட்டணம் கொடுத்தன. வானொலி வந்தது, டெலிவிஷன் வந்தது. அப்போதும் பத்திரிகை பிழைத்தது. உள்ளூர் விளம்பரம் கையை விட்டுப் போகவில்லை. இப்போது அதுவும் கூகுள், பேஸ்புக் போன்ற பெரிய கம்பெனிகளிடம் போகிறது. அந்தக் கம்பெனிகளுக்குச் சாலையில் நிருபர் இல்லை.

காகிதமும் கைகொடுக்கவில்லை. இறக்குமதிக் காகிதத்துக்கு மத்திய அரசு 2019இல் 10 சதவீத வரி போட்டு, 2020இல் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நியச் செலாவணி இல்லாமல் காகிதம் கிடைக்காததால், 'ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சை நிறுத்தின.

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. செய்தியால் லாபம் அடையும் இணையக் கம்பெனிகள் பத்திரிகைகளுக்குப் பணம் தர வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2021இல் சட்டம் செய்தது. கனடா 2023இல் அதேபோல் சட்டம் செய்தது. உடனே பேஸ்புக் கம்பெனி, கனடா மக்களுக்குத் தன் தளத்தில் செய்தியே வராமல் நிறுத்திவிட்டது. அதே ஆகஸ்டில் காட்டுத் தீ நெருங்கி எல்லோநைஃப் நகரமே காலி செய்யப்பட்டபோது, பத்திரிகைச் செய்தியை அந்தத் தளத்தில் ஒருவருக்கொருவர் அனுப்ப முடியாமல் மக்கள் தவித்தார்கள். வாடகைக்கு இருக்கிறவனைச் சொந்தக்காரன் நினைத்தபோது வெளியேற்றலாம். செய்திக்கு முழுக்க முழுக்கப் பிறர் வாசலை நம்பினால் இதுதான் கதி.

செய்ய வேண்டியவை

முதல் பொறுப்பு பத்திரிகைகளுடையது. நேற்று இரவே செல்போனில் பார்த்த செய்தியை இன்று காலை தலைப்பில் போட்டால் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். அயல் மாநிலப் பதிப்பு என்றால், அந்த மாநிலத் தமிழருக்கு அன்றைக்கு வேண்டிய ஒரு செய்தியாவது, வேறெங்கும் கிடைக்காத செய்தியாக இருக்க வேண்டும். கூலி பாக்கி, ரேஷன், பள்ளிச் சேர்க்கை, தொழிலாளர் நலநிதி, எல்லைப் பஸ், இறந்தவர் உடலை ஊருக்குக் கொண்டுபோகும் வழி: இவைதாம் முதல் பக்கத்துக்கு உரியவை. காகிதத்தோடு செல்போனிலும் அதே பதிப்பு, ஆசிரியர் பெயரோடும் நிருபர் பெயரோடும் வரட்டும். படிக்கத் தெரியாதவருக்காகச் செய்தியைக் குரலில் தரட்டும். தவறு வந்தால், அதே இடத்தில் திருத்தம் வரட்டும்.

அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு. தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுக்கான அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிட்டால், மக்களுக்கும் பயன். சிறு பதிப்புகளுக்கும் ஆதாரம்.

மூன்றாவது பொறுப்பு வாசகருடையது. கேரளத்தில் 'வாயனசாலை' இல்லாத ஊர் அரிது. 1945ஆம் ஆண்டு பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டித் தொடங்கிய இயக்கம், ஊர் ஊராகப் பத்திரிகையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் மறைந்த ஜூன் 19ந் தேதியை வாசிப்பு நாளாகக் கேரளம் கொண்டாடுகிறது. அந்த வாசகசாலை மேஜையில் ஒரு தமிழ்ப் பேப்பரும் இருக்கட்டும் என்று தமிழர் சங்கங்கள் சந்தா கட்டலாம். பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவருக்கு ஒரு டீச் செலவுகூட ஆகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், தமிழ்ப் படம் பார்க்க வரும். எழுத்து மட்டும் வராது. செல்போன் படமாகவும் குரலாகவும் தமிழைக் கொடுத்துவிடுவதால், எழுத்து இல்லாத குறை வெளியே தெரிவதில்லை. பள்ளியில் தமிழ் கிடைக்காத பிள்ளைக்கு, வீட்டுத் திண்ணையில் கிடக்கும் பேப்பரின் கொட்டை எழுத்துத் தலைப்புதான் அரிச்சுவடி. அந்தப் பிள்ளை தமிழ் படிக்காமல் வளர்ந்துவிட்டால், இருபது ஆண்டு கழித்துக் காகிதப் பத்திரிகையா, கண்ணாடிப் பத்திரிகையா என்ற விவாதமே வேண்டியிருக்காது. எதில் அச்சிட்டாலும் படிக்க ஆள் இருக்காது.

ஆகவே தம்பானூர் டீக்கடை இளைஞனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: செல்போனிலேயே படிக்கட்டும், குற்றமில்லை. ஆனால் அந்தச் செய்தியை யார் விசாரித்தார், யார் பெயரில் வந்தது என்று ஒரு தடவை பார்க்கட்டும். விசாரித்தவருக்குச் சேர வேண்டிய காசைக் கொடுக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தலைப்பையாவது எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லட்டும்.

காகிதம் போனால் வேறு காகிதம் வரும், அல்லது வேறு வழி பிறக்கும். கேள்வி கேட்கப் போகிற நிருபரும், படிக்கத் தெரிந்த பிள்ளையும் போய்விட்டால், திரும்ப வருவது கடினம்.